அட்டன்பரோ என்னும் குடும்பப்பெயர்: எந்த ஊர், எத்தனை குடும்பம்?

ஆற்றங்கரை எழுதியது:

நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றின் கரையில் அட்டன்பரோ இயற்கைக் காப்பகம் இருக்கிறது. 1929 முதல் சரளை தோண்டியெடுத்த பள்ளங்களில் நீர் தேங்கி, அவை ஏரிகளாகி, பறவைகள் வந்து சேர்ந்த இடம் அது. 1966-இல் அதைத் திறந்துவைத்தவர் இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ. காப்பகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்றே நான் நெடுங்காலம் கேள்விப்பட்டு வந்தேன். ஆனால் அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனும் தளபதியுமான ஹென்றி அயர்ட்டன் 1611-இல் திருமுழுக்குப் பெற்றதும் அவ்வூர்த் தேவாலயத்தில்தான்.

அப்படியானால் பெயர் ஊரிலிருந்து குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டும். இங்கே குடும்பப்பெயர் ஆய்வில் பழக்கமுள்ளவர்கள் சிலர் இருப்பதால் கேட்கிறேன். இந்தப் பெயரைத் தாங்கிய அனைவரும் அந்த ஓர் ஊரிலிருந்து கிளம்பியவர்கள்தானா? அவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா? ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மித்துகள் வாழும் நாட்டில், இவர்கள் ஏன் இவ்வளவு சிலராகவே இருக்கிறார்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

முதற்கேள்விக்கு என் விடை ‘ஆம்’ என்பதே. ஆயினும் அது நடந்த விதத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

1066-இல் நார்மானியர் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர் வேரூன்றத் தொடங்கியது. முதலில் நிலவுடைமையாளர்கள் வைத்துக்கொண்டார்கள், பிறகு நகரத்தார், கடைசியில் உழவர்கள். தென்பகுதியிலும் மத்தியப் பகுதியிலும் ஏறக்குறைய 1400-க்குள் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், இடம் ஆகிய நான்கும் அந்தப் பெயர்களின் ஊற்றுகள். அட்டன்பரோ இடப்பெயர் வகையைச் சேர்ந்தது.

இடப்பெயரில் ஒரு நுட்பம் உண்டு. ஊரில் உள்ள எல்லாரும் அட்டன்பரோக்காரர்களாக இருக்கும்போது, ஒருவரை மட்டும் அப்படி அழைப்பதால் அடையாளம் எதுவும் கிடைக்காது. அவர் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகே அந்த அடைமொழிக்குப் பயன் வருகிறது. எனவே இத்தகைய பெயரை அவ்வூரின் பதிவேட்டிலேயே தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுவார். ஊரைச் சுற்றி ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களில் தேடுபவருக்கு அது கிடைக்கும். விதிவிலக்கு, அந்த ஊரையே உடைமையாகக் கொண்ட பிரபுக் குடும்பங்கள் மட்டும்.

டேவிட்டின் குடும்பமே இதற்குப் பொருத்தமான சான்று. அண்ணன் ரிச்சர்ட் பிறந்தது கேம்பிரிட்ஜில், டேவிட் பிறந்தது லண்டனை அடுத்த ஐல்வர்த்தில், வளர்ந்தது லெஸ்டரில். இவற்றைக் கொண்டு குடும்பத்தின் மூலத்தைத் தேடினால் எதுவும் கிட்டாது. தந்தை ஃப்ரெடெரிக் 1887-இல் பிறந்த ஊர் ஸ்டேப்பிள்ஃபோர்டு. அங்கிருந்து அட்டன்பரோ சில கிலோமீட்டர்தான். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளில் பெயர் நகர்ந்திருந்த தூரம் அவ்வளவே.

இலக்கணி எழுதியது:

பழஞ்சுவடி ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் முதற்படியிலேயே எனக்கு ஓர் ஐயம். இதை ஊர்ப்பெயர் என்று ஏன் உடனே முடிவுகட்ட வேண்டும்? இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்றால் ‘அந்த இடத்தில் இருக்கும்’ என்று பொருள். ஆட்வுட், ஆட்வெல், ஆட்லி எனக் காட்டருகே, கிணற்றருகே, புல்வெளியருகே குடியிருந்தவர்களின் பெயர்கள் ஏராளமாக இருக்கின்றன. ‘பரோ’ என்பது அரண் சூழ்ந்த இடம் அல்லது நகரம். ‘நகரத்தில் குடியிருப்பவர்’ என்று இங்கிலாந்தின் எந்த மூலையிலும் ஒருவரை அழைத்திருக்கலாமே! அப்படி இருந்தால் இந்தப் பெயருக்கு ஒற்றை ஊர் தேவையில்லை. பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும். ஆட்டர்பரி என்ற குடும்பப்பெயர் இருப்பதையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே வார்ப்பாகத் தெரிகிறது.

பழஞ்சுவடி எழுதியது:

தாங்கள் காட்டிய ஆட்டர்பரியே தங்கள் கருத்துக்கு எதிராக நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. ‘அட்டன்’ ஆண்பால், அஃறிணைப் பால் சொற்களுக்கு முன்னும், ‘அட்டர்’ பெண்பால் சொற்களுக்கு முன்னும் வரும். ‘பர்’ என்னும் அரண் பெண்பாற்சொல். அது வேற்றுமை ஏற்கும்போது ‘பரி’ என்று திரியும். ஆகவே ‘அரணருகே இருப்பவர்’ என்பது இலக்கணப்படி ஆட்டர்பரி என்றுதான் அமைய வேண்டும், அமைந்தும் இருக்கிறது. அட்டன்பரோவில் முன்னொட்டும் பொருந்தவில்லை, ஈறும் பொருந்தவில்லை.

இலக்கணி எழுதியது:

இலக்கணத்தை மட்டும் நம்பினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ‘ஓக்’ மரத்தைக் குறிக்கும் பழைய சொல்லும் பெண்பாலே. அதன்படி ‘அட்டர் ஓக்’ என்பதிலிருந்து ரகரம் ஒட்டி ரோக் என்ற குடும்பப்பெயர் வந்தது. அதே மரத்திலிருந்து ‘அட்டன் ஓக்’ எனத் தவறான பாலில் ‘ந’ ஒலி ஒட்டி நோக்ஸ் என்ற பெயரும் வந்திருக்கிறது. ஆற்றிடைத் திட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து ரை, நை என இரட்டைப் பெயர்கள் தோன்றியதும் இவ்வாறுதான். குடும்பப்பெயர்கள் உறைந்த காலத்தில் பால் வேறுபாடு மக்கள் நாவில் கரைந்துகொண்டிருந்தது. எனவே இந்த வாதம் ஐயத்தைக் குறைக்கிறதே தவிர, வழக்கை முடிக்கவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

ஒப்புக்கொள்ளத்தக்க மறுப்பு. ஆனால் ஊரின் பழைய எழுத்துவடிவங்களில் வல்லோசையான ‘ட்ட’ இல்லை. ‘அடின்’ என்று மெல்லோசை டகரமே இருக்கிறது. ஆடா அல்லது அதையொத்த ஓர் ஆளின் பெயரோடு அரணைக் குறிக்கும் சொல் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆனது என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் கொள்வது அதனால்தான். ஊர்ப்பெயரில் ‘அருகே’ என்ற பொருள் கிடையாது என்பது இதனால் உறுதி. குடும்பப்பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததா என்பதற்கு வேறு வகைச் சான்று வேண்டும் என்பதையும் ஏற்கிறேன்.

நிலவரை எழுதியது:

அந்தச் சான்று வரைபடத்தில் இருக்கிறது. சொல்லாராய்ச்சி இரண்டு வழிகளைக் காட்டி நிற்கும்போது, பெயர் எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ‘நகரருகே இருப்பவர்’ என்ற பொதுப்பொருள் சரியென்றால், பெயர் பல புள்ளிகளில் சிதறிக் கிடக்க வேண்டும். அதிலும் ‘அட்டன்’, ‘அட்டர்’ வகைப் பெயர்கள் செழித்த சசெக்ஸ், சர்ரே போன்ற தென்பகுதிகளில் மிகுந்திருக்க வேண்டும். மாறாக, ஓர் ஊரிலிருந்து பிறந்த பெயரானால் அந்த ஊரைச் சுற்றி ஒரே திரளாக இருக்கும்.

இதற்கு ஆய்வாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது 1881 ஏப்ரல் 3-ஆம் நாள் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் அதை முழுமையாகப் படியெடுத்து வைத்திருப்பதால் வரைபடமாக்க எளிது. கார்கள் வந்து மக்களைக் கலைத்துப்போடுவதற்கு முந்திய நிலையும் அதில் பதிவாகியிருக்கிறது. அதில் அட்டன்பரோக்கள் நாட்டிங்ஹாம்ஷயரிலும் அதை ஒட்டிய டார்பிஷயரிலும் குவிந்திருக்கிறார்கள். இரண்டாவது புள்ளி லண்டன். தென்பகுதிக் கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பகுதிகளில்) தனித்திரள் எதுவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இலக்கணி ஐயாவின் கருதுகோள் விழுவது இலக்கணத்தால் அன்று, இந்த வெற்றிடத்தால்.

கவுன்ட்டி வாரியாக மட்டும் எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அட்டன்பரோ கவுன்ட்டியின் நடுவில் இல்லை. எரிவாஷ் ஆறு டிரென்ட்டில் கலக்கும் இடத்துக்கு அருகில், நாட்டிங்ஹாம்ஷயரின் ஓரத்தில் இருக்கிறது; எரிவாஷைத் தாண்டினால் டார்பிஷயர், டிரென்ட்டின் தென்கரையில் சற்று மேற்கே போனால் லெஸ்டர்ஷயர். லாங் ஈட்டனுக்குப் போன மகனும் பீஸ்டனுக்குப் போன மகனும் தந்தை வீட்டிலிருந்து ஒரே அளவு தூரத்தில்தான் இருப்பார்கள். கணக்கிலோ இரண்டு கவுன்ட்டிகளாகிவிடுவார்கள். இது போதாதென்று, ஸ்டேப்பிள்ஃபோர்டு உள்ளிட்ட நாட்டிங்ஹாம்ஷயர் ஊர்கள் சில, டார்பிஷயரில் தலைமையிடம் கொண்ட ஷார்ட்லோ ஏழைநலச் சட்ட ஒன்றியத்தில் (ஏழைகளுக்கு உதவ ஊர்களைக் கூட்டி அமைத்த நிர்வாகப் பிரிவில்) சேர்க்கப்பட்டிருந்தன. 1837 ஜூலை முதல் தொடங்கிய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அந்த ஒன்றிய எல்லைகளையே பின்பற்றியவை. எனவே ‘ஷார்ட்லோ’ என்ற தலைப்பைக் கண்டதும் ஒரு குடும்பத்தை டார்பிஷயர்க் குடும்பம் என்று எழுதிவிடக் கூடாது. இணையத்தில் உலவும் வம்சாவளிகளில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி காணலாம்.

இன்னொன்று, எண்ணிக்கையும் அடர்த்தியும் வேறுவேறு. லண்டனில் நூறு பேர் இருப்பது பல லட்சம் பேருக்கு நடுவில். ஸ்டேப்பிள்ஃபோர்டு போன்ற ஊரில் பத்துப் பேர் இருந்தாலே அது கவனிக்கத்தக்க விகிதம். மூலத்தைத் தேடும்போது பார்க்க வேண்டியது விகிதத்தைத்தான்.

ஆற்றங்கரை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. லண்டன் புள்ளியைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறேன். விக்டோரியா காலத்து எழுத்துகளைப் படிக்கும்போது அட்டன்பரோ என்ற பெயர் அடகுக் கடைகளோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் கடைகள்தான் லண்டன் எண்ணிக்கைக்குக் காரணமா?

வழக்காடி எழுதியது:

அடகுத்தொழிலில் அந்தப் பெயர் பெரும்புகழ் பெற்றிருந்தது உண்மை. ஃப்ளீட் தெருவும் சான்சரி லேனும் சந்திக்கும் மூலையில் அவர்களுடைய கடைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. லண்டன்வாசிகளின் பேச்சில் அட்டன்பரோ என்றாலே அடகுக் கடை என்று பொருள்படும் அளவுக்கு அந்தப் பெயர் வழங்கியது.

சட்டம் படித்தவர்களுக்கு இந்தக் குடும்பப்பெயர் வேறொரு வழியில் அறிமுகம். அறக்கட்டளைச் சட்டத்தில் ‘அட்டன்பரோ எதிர் சாலமன்’ தவிர்க்க முடியாத வழக்கு. 1878-இல் ஒருவர் உயில் எழுதிவைத்து இறந்தார். இரண்டு மகன்கள் உயில் நிறைவேற்றுநர்களாகவும் சொத்தின் பொறுப்பாளர்களாகவும் நியமிக்கப்பட்டிருந்தனர். கடன்களெல்லாம் விரைவில் தீர்க்கப்பட்டுவிட்டன. 1892-இல் அவர்களில் ஒருவர், மற்றவருக்குத் தெரியாமல், வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை அட்டன்பரோ அடகுக் கடையில் 65 பவுண்டுக்கு வைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அது வெளிவந்து, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. நிர்வாகம் முடிந்து, பொருள்கள் பொறுப்பாளர்களின் கூட்டுக் கைக்கு மாறிவிட்ட பிறகு ஒருவர் மட்டும் அடகு வைக்கும் அதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1913-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. நியாயமாக வாங்கிய அடகுக்காரர் பொருளைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. எனக்கு அவர்மீது கொஞ்சம் இரக்கம் உண்டு.

நம் விவாதத்துக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கடைப் பலகையிலும் தீர்ப்புத் தொகுப்பிலும் அடிக்கடி தென்படும் பெயர், மக்கள்தொகையிலும் அதே அளவு மிகுந்திருக்கும் என்று கருத முடியாது. ஒரு குடும்பம் பல கிளைகள் திறந்தால் வணிகக் கையேட்டில் பெயர் பலமுறை வரும். ஆள்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள்.

நிலவரை எழுதியது:

வழக்காடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1890-இல் பிரிட்டனின் குடும்பப்பெயர்களை முதன்முதலாகக் கவுன்ட்டி வாரியாக முறைப்படுத்திய ஹென்றி குப்பி என்ற இயற்கையியலாளர், தம் எண்ணிக்கைக்கு உழவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார். பண்ணையாள்கள் வேலை தேடி அலைவார்கள். வணிகர்கள் நகரத்துக்குப் போவார்கள். நிலத்தோடு கட்டுண்ட உழவர்களே ஊரைவிட்டு எளிதில் நகராதவர்கள் என்பது அவர் கணக்கு. அந்த முறையில் குறைகள் உண்டு. ஆனால் நகரத்து அடகுக் கடைகள் மூலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்.

லண்டன்காரர்களைப் பிரித்தறிய வழி இருக்கிறது. 1841 கணக்கெடுப்பில் ‘இதே கவுன்ட்டியில் பிறந்தவரா’ என்று மட்டுமே கேட்டார்கள். 1851 முதல் பிறந்த ஊரையே எழுதச் சொன்னார்கள். லண்டன் வீடு ஒவ்வொன்றிலும் மூத்தவரின் அந்தப் பத்தியைப் பார்த்தால், பெயர் எங்கிருந்து வந்தது என்பது பல நேரங்களில் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

மரபிழை எழுதியது:

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது இவர்கள் ஒரே குடும்பமா என்பதற்கு, வரைபடம் விடை சொல்லாது. அட்டன்பரோவிலிருந்து வெவ்வேறு காலங்களில் தொடர்பில்லாத ஐந்து பேர் கிளம்பியிருந்தாலும் வரைபடம் இப்படித்தான் இருக்கும். இதற்குக் கிடைத்திருக்கும் விடை மரபணுவிலிருந்து வந்தது.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் அப்படியே. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தி, 40 குடும்பப்பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்மித் போன்ற பரவலான பெயரைத் தாங்கியவர்களுக்குள், தெருவில் போகிற எந்த இரண்டு ஆண்களுக்கும் இருப்பதைவிட மிகுந்த ஒற்றுமை காணப்படவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கொல்லர் இருந்திருப்பார் என்பதால் இது எதிர்பார்த்ததே. அரிய பெயர்களிலோ நிலைமை தலைகீழ். அட்டன்பரோவிலும் அதன் எழுத்து வேறுபாடுகளிலும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே தந்தைவழியைச் சேர்ந்த குரோமோசோமைக் கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வின் பெயர்களுள் இவ்வளவு தூய்மையாக நின்றவை சிலவே.

ஒப்பீட்டுக்கு, 2000-இல் பிரையன் சைக்ஸ் என்ற மரபியலாளர் தம் குடும்பப்பெயரையே ஆராய்ந்ததைச் சொல்லலாம். யார்க்ஷயர் பக்கத்துப் பெயர் அது. 48 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே ஒய் குரோமோசோமின் மைய வடிவத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

லெஸ்டரில் இந்த ஆய்வு நடந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஃப்ரெடெரிக் அட்டன்பரோ 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்த கல்லூரிதான் பின்னர் அந்தப் பல்கலைக்கழகம் ஆனது.

இலக்கணி எழுதியது:

பத்தில் ஒன்பது என்பது வியக்கத்தக்கதே. ஆனால் அது என்னிடம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. தத்தெடுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள், மனைவியின் பெயரை ஏற்றுக்கொண்ட கணவர்கள் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிதளவு முறிவு இருக்கும். தலைமுறைக்கு 1 விழுக்காடு மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், 20 தலைமுறைக்குப் பிறகு மூல வடிவம் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரிடம்தான் எஞ்ச வேண்டும். 2 விழுக்காடானால் மூன்றில் இரண்டு பங்குதான். அப்படியிருக்க, அறுநூறு, எழுநூறு ஆண்டுப் பெயரில் பத்தில் ஒன்பது எப்படி நிற்கிறது? இவர்களின் மனைவியர் அனைவரும் கற்பில் சிறந்தவர்கள் என்று முடிவுகட்டுவது ஆய்வாகாது.

மரபிழை எழுதியது:

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். விடை, பெயரின் வயதும் பொது முன்னோரின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே.

1873-இல் ஃப்ரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு கேள்வி எழுப்பினார். ஒவ்வோர் ஆணுக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் மகன்கள் பிறக்கும் சமூகத்தில், எத்தனை குடும்பப்பெயர்கள் காலப்போக்கில் அழியும்? ஹென்றி வாட்சன் என்ற கணிதம் அறிந்த பாதிரியார் அதற்கு வழி கண்டார். சராசரியாக ஆளுக்கு ஒரே மகன் என்று வைத்தால், போதிய காலம் கொடுத்தால் எந்தத் தந்தைவழியும் அழிந்தே தீரும். மகள்கள் மட்டும் பிறந்த வீடு, கொள்ளைநோயில் மகன்களை இழந்த வீடு, மணமாகாதவர்கள் என அழிவுக்குப் பல வாயில்கள். தொடக்கத்தில் அட்டன்பரோ என்று அழைக்கப்பட்டவர்கள் பலராக இருந்திருக்கலாம். அவர்களில் ஏனையோர் வழி அற்றுப்போய், ஒருவர் வழி மட்டும் பல மகன்களோடு தழைத்திருக்கலாம். அந்த ஒருவர் முதன்முதலில் பெயர் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பல தலைமுறைக்குப் பிந்திய ஒருவராகவும் இருக்கலாம். பொது முன்னோர் 20 தலைமுறைக்கு அல்லாமல் 10 அல்லது 12 தலைமுறைக்கு முன் இருந்தவர் என்றால், தாங்கள் சொன்ன 1 விழுக்காட்டு முறிவோடும் ஏறத்தாழ 90 விழுக்காடு எஞ்சும். கணக்கு அப்போது இயல்பாகவே பொருந்துகிறது.

பெயர் அரிதாக இருப்பதற்கும், எஞ்சியவர்கள் ஒரே வழியாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. கிளைகள் அழிந்ததால்தான் இரண்டும் நேர்ந்தன.

இலக்கணி எழுதியது:

அப்படியானால் மரபணு ‘ஒரு வழி’ என்கிறது, வரைபடம் ‘ஓர் இடம்’ என்கிறது. இரண்டும் தனித்தனியே போதாதவை; சேர்த்துப் பார்த்தால் ‘நகரருகே இருப்பவர்’ என்ற என் வாசிப்புக்கு இடம் மிகவும் குறுகிவிடுகிறது. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. பிழைத்த அந்த ஒரு வழியினர் ஏன் மூன்று, நான்கு நூற்றாண்டுகள் அந்தச் சிறு வட்டத்தைவிட்டுப் போகவில்லை? டிரென்ட் ஆறே போக்குவரத்துப் பாதை அல்லவா?

நிலவரை எழுதியது:

போவதற்குத் தடையும் இருந்தது. இருப்பதற்கு வேலையும் இருந்தது.

தடை என்பது 1662-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவர் ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் குடியேறினால், 40 நாளைக்குள் புகார் செய்து அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். நாளைக்கு இவர் ஏழ்மையுற்றால் நம் ஊர் வரிப்பணத்தில் சோறு போட வேண்டியிருக்குமே என்ற அச்சம்தான் காரணம். 10 பவுண்டு வாடகை கொடுக்கக்கூடிய உழைப்பாளி அன்று மிக அரிது. பிறகு, ‘இவருக்குத் தேவை வந்தால் நாங்களே திரும்ப ஏற்றுக்கொள்வோம்’ என்று சொந்த ஊர் எழுதிக்கொடுக்கும் சான்றிதழோடு போகும் வழக்கம் வந்தது. எஞ்சியிருக்கும் அந்தச் சான்றிதழ்கள், யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார் என்பதைத் தேதியோடு காட்டுகின்றன.

வேலை என்பது காலுறை நெசவு. நாட்டிங்ஹாம்ஷயரின் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் பின்னல் தறியை உருவாக்கினார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் நாட்டிங்ஹாம், டார்பி, லெஸ்டர் மூன்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீட்டுக்கு வீடு அந்தத் தறி ஏறியது. தறி பெரும்பாலும் முதலாளியுடையது, வாடகைக்கு எடுத்தது. கணவன் பின்ன, பிள்ளைகள் நூல் சுற்ற, மனைவி தைத்து முடிப்பாள். வெளிச்சத்துக்காகவே நெடிய சன்னல்கள் வைத்துக் கட்டிய நெசவாளர் வீடுகளை அந்தப் பகுதியில் இன்றும் பார்க்கலாம். நிலம் போதாத இளைய மகனுக்கு வேறு கவுன்ட்டிக்குப் போகாமலே பிழைப்பு கிடைத்தது. பின்னர் லேஸ் பின்னல் ஆலைகள், எரிவாஷ் பள்ளத்தாக்கின் நிலக்கரி, 1839-இல் நாட்டிங்ஹாமையும் டார்பியையும் இணைத்த ரயில் பாதை எல்லாம் வந்தன. அவை ஆள்களை நகர்த்தின. ஆயினும் பெரும்பாலும் அதே வட்டத்துக்குள், ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக. 1881 வரைபடத்தில் காணும் திரள் இவ்வாறு உருவானதே.

பழஞ்சுவடி எழுதியது:

இந்தப் பெயரைப் பதிவேடுகளில் தேட எண்ணுபவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் தொடங்கியவை. எழுதியவர் பாதிரியாரோ அவருடைய எழுத்தரோ. பெயரைச் சொன்னவருக்குப் பெரும்பாலும் எழுத்தறிவு இல்லை. எனவே ஒரே தந்தையின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வருவது சாதாரணம். கடைசி அசை ‘பரோ’, ‘பர்ரோ’, ‘பாரோ’ என்று மாறும். நடு அசையில் உயிர் மாறும். தேடுபொறியில் ‘அட்டன்பரோ’ என்ற ஒரே வடிவத்தை இட்டுவிட்டு ஊரில் யாருமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அட்டன்பர்ரோ என்ற வடிவம் நாட்டிங்ஹாம்ஷயரில் இன்றும் தனிக் குடும்பப்பெயராக வழங்குகிறது. லெஸ்டர் ஆய்வாளர்கள் வேறுபாடுகளையும் சேர்த்தே எண்ணியதற்குக் காரணம் இதுதான்.

ஆட்டர்பரியை மட்டும் இந்தத் தேடலில் சேர்க்க வேண்டாம். ஒலி நெருங்கினாலும் அது வேறு பெயர் என்பதை இலக்கணி ஐயாவும் நானும் மேலே வேண்டிய அளவுக்கு வாதாடிவிட்டோம்.

ஆற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி. ஸ்டேப்பிள்ஃபோர்டு, சில்வெல், டோட்டன், பீஸ்டன் ஆகிய நான்கு ஊர்களின் பதிவேடுகளிலிருந்து தொடங்குகிறேன். அட்டன்பரோ ஊரின் பதிவேட்டை, பழஞ்சுவடி ஐயா சொன்னபடி, கடைசியில் பார்த்துக்கொள்கிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

சில்வெலும் டோட்டனும் பழங்காலத்தில் அட்டன்பரோ தேவாலயத்தின் பங்குக்குள் அடங்கியவை. அவ்விரண்டு ஊர்க்காரர்களின் திருமுழுக்கையும் அடக்கத்தையும் அட்டன்பரோ பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். ஆகவே அதை மட்டும் வரிசையில் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.